ஆறு மைக்ரான்

இதைச் சொன்னவர் ஏகாம்பரம். சென்னையில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் விசாரணை அறை வாசலில் முப்பது ஆண்டுகளுக்குமேல் உதவியாளராக உட்கார்ந்து ஓய்வுபெற்றவர். கேட்ட இடம் ராயபுரத்தில் அவர் மகள் வீடு. கேட்ட நாள் 2021ஆம் ஆண்டு தை மாதம் ஒன்பதாம் தேதி, பிற்பகல். அதே ஆண்டு ஆவணியில் மறுபடி சொல்லச்செய்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் உப்புமா இட்லியாயிற்று, மற்றபடி மாற்றமில்லை. கதையில் வரும் வெள்ளிங்கிரியின் மனத்துக்குள் ஓடியது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "மூணு மணி நேரம் எதிர்ல உக்காந்து அவரு மூஞ்சியப் பாத்துனு இருந்தேன் சார். அப்பால சாயங்காலம் டீக்கடைல அவரே கொட்டித் தீத்துட்டாரு. வேற இன்னா வோணும்?" என்றார். அவர் சொன்ன வரிசையை மாற்றாமல் தருகிறேன்.

பெஞ்சின் ஒரு கோடியில் வெள்ளிங்கிரி, மறு கோடியில் ஞானப்பிரகாசம், நடுவில் ஞானப்பிரகாசத்தின் மனைவி கட்டிக்கொடுத்த டிபன் டப்பா. மணி பதினொன்று பத்து. இருவரும் நேற்று ராத்திரி ரயிலில் கோயம்புத்தூரிலிருந்து எதிரெதிர் இருக்கையில் வந்தவர்கள். ஒரே மெஷின் கம்பெனியில், 1988 ஜூன் முதல் தேதி, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இன்று ஒரே மெஷினுக்காக ஒரே வாசலில் காத்திருப்பவர்கள். ஆனால் வெள்ளிங்கிரி பார்த்துக்கொண்டிருந்தது வாசலை அல்ல. டப்பாவின் மூடிமேல் சும்மா கிடந்த ஞானப்பிரகாசத்தின் வலது கட்டைவிரலை. நகத்தின் ஓரத்தில் அந்த நீலம். இரும்புத் தளத்தின் மேடுபள்ளத்தைக் கண்டுகொள்ளப் பூசுகிற மை, முப்பத்தோராண்டுத் தொடுகையில் நகக்கண்ணிலேயே குடியேறிவிட்டது. எந்தச் சோப்புக்கும் இனி அது போகாது. விரல் சற்றே அசைந்தது. மூடியில் ஒட்டியிருந்த எதையோ சுரண்டத்தான் அசைந்தது. ஆனாலும் வெள்ளிங்கிரி அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இந்த விரலைத்தானே உலகமே பார்த்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முந்தைய செய்தித்தாளில் நான்கு பத்தி அகலத்துக்கு வந்திருந்தது. எந்த நாட்டுக்கு இத்தகைய மெஷின் போகவே கூடாது என்று சட்டம் சொல்கிறதோ அந்த நாட்டில், ஏவுகணை உறுப்புகள் கடையும் பட்டறை ஒன்றில், வெளிநாட்டுப் பரிசோதகர்கள், ஐந்து விதமாகத் திரும்பி உலோகத்தைச் செதுக்கும் அந்த ஐந்தச்சு மில்லிங் மெஷினைக் கண்டுபிடித்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டு வியாபாரிக்கு விற்றது, அவன் கைமாற்றிவிட்டிருந்தான். பெயர்த்தகட்டைப் பெயர்த்திருந்தார்கள், எண்களை அரைத்து அழித்திருந்தார்கள். முதுகுப்பக்க மூடியைக் கழற்றியபோது உள்ளே, வார்ப்பிரும்புத் தூணின் மறைந்த முகத்தில், கம்பெனியின் வார்ப்புக் குறியும் அதன் பக்கத்தில் பளிச்சென்று ஒரு நீலக் கட்டைவிரல் ரேகையும் இருந்தன. அது கம்பெனி வழக்கம். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து லாரி ஏற்றுவது எல்லார் முன்னாலும் நடப்பது. இது அப்படியல்ல. மெஷினை முடித்த ஃபிட்டர், கடைசி மூடியைப் பூட்டுவதற்கு முன்னால், நீலத்தில் விரல் தோய்த்து உள்ளே ஓர் அழுத்து அழுத்துவார். யாரும் பார்க்கப்போவதில்லை என்பதுதான் அதன் அழகு. இப்போது பார்த்துவிட்டார்கள். வெள்ளிங்கிரியின் மனைவி சுலோச்சனா அந்தப் படத்தைக் கத்தரித்து பீரோக் கண்ணாடியில் செருகிவைத்திருக்கிறாள். "எத்தனை வரி பாருங்க, கோலம் மாதிரி" என்றாள். இத்தனை வருஷத்தில் புருஷனுடைய கைரேகையை அவள் ஒரு தடவை பார்த்திருப்பாளா?

இல்லை, இப்போது நினைக்கவேண்டியது அதுவல்ல. இப்போது நினைக்கவேண்டியது ஆறு வார்த்தை. கம்பெனி வக்கீல் நரசிம்மன் காலையில் ஓட்டல் அறையில் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். "இங்க பாருங்க வெள்ளிங்கிரி, விஷயம் ரொம்பச் சின்னது. பரிசோதனைத் தாள்ல இருக்கிற கையெழுத்து ஞானப்பிரகாசத்தோடது. மெஷினுக்குள்ள இருக்கிற ரேகையும் அவரோடது. 'அவர் கொடுத்த எண்ணை நான் டைப் பண்ணினேன்.' ஆறே வார்த்தை. அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க." இப்போது அவர் ஜன்னலோரம் நின்று செல்போனில் யாரிடமோ குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது கம்பெனி தப்பவேண்டும், அவ்வளவுதான். மந்திரி டெல்லியில் சொன்னார், தொழில்துறை உண்மையை மறைத்தது என்று. தொழில் சங்கத் தலைவர் அவினாசி ரோட்டில் மைக்கின் முன்னால் சொன்னார், இரண்டே நாளில் முத்திரை குத்தி அனுப்பியது யார், வாங்குகிறவன் யாரென்று விசாரிக்கவேண்டியது அரசாங்கத்தின் பொறுப்பா எங்கள் பொறுப்பா என்று. மந்திரி மறுநாள் ஒரு பதில் சொன்னார், சங்கம் அதற்கு மறுநாள் ஒன்று சொல்லிற்று. இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில் அந்தப் பொறுப்பு வந்து இறங்கிய இடம் இந்தப் பெஞ்சு. அதிலும் வெள்ளிங்கிரி இருக்கும் கோடியில் அல்ல, அந்தக் கோடியில். எல்லாம் அந்தக் கோடியில்தான் வந்து இறங்கும். சின்ன முதலாளிகூட நேற்று போனில், "வெள்ளிங்கிரி அண்ணா, கம்பெனி உங்களைக் கைவிடாதுங்ணா" என்றார். அண்ணா! இருபது வருஷமாகப் பிரகாசண்ணா, பிரகாசண்ணா என்று ஒருவனுக்கு மட்டுமே இருந்த அண்ணா. நேற்றுத்தான் அது கிடைத்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல அக்குளில் பிடித்தது.

"ஏப்பா, சாப்பிடு. உப்புமா. இன்னுங் கொஞ்ச நேரம் போச்சுன்னா சாந்துக் கரண்டிதான் வேணும்." டப்பா இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. வேண்டாம் என்றார் வெள்ளிங்கிரி. "ஜெயிலுக்குப் போறவன் நானு. நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு உக்காந்திருக்கறே? யாராச்சும் பாத்தா உன்னையத்தான் பிடிச்சுட்டுப் போயிருவாங்க." எதிரில் முக்காலியில் இருந்த ஏகாம்பரம் சிரித்துவிட்டார். "அண்ணாத்த தமாஷ் பேர்வழியா இருக்கிறாரே" என்றார். வந்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் இந்த அலுவலகத்து உதவியாளர்கூட அவன் பக்கம். எங்கே போனாலும் இப்படித்தான். ஞானப்பிரகாசம் குரலைத் தணித்துக்கொண்டான். "பரிசோதனைத் தாள்ல அந்த ஆறு எங்கிருந்து வந்துச்சுன்னு நானும் மூணு மாசமா ரோசிக்கறேன். நாஞ் சொல்லல. ரெண்டு புள்ளி மூணுன்னு அட்டையில பெரிசா எழுதி மெஷின் மேலயே தொங்கவுட்டிருந்தனே. நீ கேட்லாக்கப் பாத்து அடிச்சிருப்பே. எப்பவும் அப்படி அடிக்கறதுதான். உம்மேல தப்பில்லப்பா. உள்ளார உம் பேர எடுக்க மாட்டேன், பயப்படாத." வெள்ளிங்கிரி தலையை மட்டும் ஆட்டினார். கேட்லாக்கைப் பார்த்து அடித்திருப்பாய். அவ்வளவுதான் இவன் கணக்கில் நான். பார்த்து அடிக்கிறவன். முன்னால் வைத்ததை அப்படியே எழுதுகிற கை. ஒரு கெடுதல் செய்யக்கூட எனக்குத் தெம்பு இருக்கும் என்று இவனுக்குத் தோன்றவில்லையே.

செய்தது கெடுதல்தானா? வெள்ளிங்கிரி பலமுறை அந்த நாளுக்குத் திரும்பிப் போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கால் சிக்கும். ஐப்பசி மாதம், மழை பெய்து ஓய்ந்த காலை. அளக்கும் வேலையை எப்போதும் விடிந்ததும் செய்துவிடுவார்கள். ரோட்டில் லாரி ஓட்டம் தொடங்கினால் தரை அதிரும், வெயில் ஏறினால் இரும்பு வளரும். வெள்ளிங்கிரி எட்டு மணிக்கு ஏற்றுமதிக் காகிதங்களோடு உள்ளே போனபோது ஒரு கூட்டமே மெஷினைச் சுற்றி நின்றது. அட்டையில் பென்சிலால் 2.3. போகச்சொன்ன இடத்துக்கு மெஷின் போய் நிற்கையில் எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு, மைக்ரானில், குறையக் குறைய மேன்மை. கேட்லாக்கில் கம்பெனி உறுதி சொல்வது ஆறு. அதுவரை வந்த மெஷின்கள் ஐந்து, ஐந்தரை. தலைமுடி ஒன்றை நீளவாக்கில் முப்பதாகப் பிளந்தால் வரும் ஒரு கீற்று, அதுதான் 2.3. அதை ஒரு மனிதன் கையால், சுரண்டுளியை இடுப்பில் அண்டக்கொடுத்து, நீலம் பூசிப் பூசி, நாற்பது நாள் சுரண்டிச் சுரண்டிக் கொண்டுவந்திருந்தான். பெரியவர், பழைய முதலாளி, சக்கர நாற்காலியில் வந்து பார்த்தார். கையை எட்டி ஞானப்பிரகாசத்தின் தோள்மேல் வைத்தார். வைத்தார், எடுக்கவில்லை. எவ்வளவு நேரம்? வெள்ளிங்கிரி கையில் காகிதக் கட்டோடு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுப்பார், இப்போது எடுப்பார் என்று பார்த்தார். எடுக்கவில்லை. பிறகு தன் மேசைக்கு வந்து, பரிசோதனைத் தாளை டைப்ரைட்டரில் செருகி, விலகல் என்ற கட்டத்துக்கு நேராக ஆறு என்று அடித்தார். கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. நீலம் தொட்ட கை தாளை அழுக்காக்கும் என்று ஞானப்பிரகாசம் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும், வேலையில் கை வைப்பதற்கு முன்னால், இருபது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவான். "எழுதறது உம் பாடு, ஒப்பம் எம் பாடு" என்பான். அப்படி ஒரு நம்பிக்கை. அல்லது அப்படி ஓர் அலட்சியம். எழுதுவது ஒரு வேலையா என்கிற அலட்சியம்.

நானும் சுரண்டினேன், இரண்டு வருஷம். அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஒரே நாளில் இரண்டு பேருக்கும் உளி கொடுத்தார்கள். ஃபோர்மேன் ராமகிருட்டிணன் நீலம் பூசிய மட்டப்பலகையை வெள்ளிங்கிரி சுரண்டிய தளத்தின்மேல் வைத்து இழுத்துவிட்டு எடுத்தார். நீலம் பொட்டுப் பொட்டாக, அம்மைத் தழும்புபோல ஒரே சீராக விழவேண்டும். வெள்ளிங்கிரியின் தளத்தில் ஓர் ஓரத்தில் திட்டாக அப்பி, மறு ஓரத்தில் வெறுமையாக இருந்தது. "சரியா விழலையே. இன்னொருக்கா" என்றார் ஃபோர்மேன். இன்னொரு முறை, இன்னொரு வாரம், இன்னொரு மாதம். கடைசியில், "தம்பி, உங் கையெழுத்து முத்து முத்தா இருக்குது. ஆபீசுக்குப் போயிரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஞானப்பிரகாசம் சிரிக்கவில்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. அவன் அன்று பிற்பகல் தன் காப்பியைப் பாதி ஊற்றிக் கொடுத்தான். அவன் 1994இல் ஜெர்மனிக்குப் போய்விட்டு வந்து கொடுத்த பேனா இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது. நல்ல பேனா. எழுத வழுக்கிக்கொண்டு போகும். எத்தனையோ முறை தொலைத்துவிடப் பார்த்தார், தொலையவில்லை. ஒவ்வொரு மெஷினும் லாரி ஏறும்போது வெள்ளிங்கிரி வாசலில் நின்று காகிதம் சரிபார்ப்பார். பெட்டிக்குள்ளே, மூடிக்குள்ளே, இருட்டில் அவன் விரல் போகிறது என்பது தெரியும். துருக்கிக்குப் போகிறது, பிரேசிலுக்குப் போகிறது. தன் விரல் கம்பெனி வாசலைத் தாண்டவில்லை. முப்பத்தோராண்டில் ஒரு மெஷினுக்குள்ளும் அவர் விரல் இல்லை.

ஏகாம்பரம் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மணி பன்னிரண்டு ஐந்து. குடித்தார். பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். இருக்கத்தான் வேண்டும். ஏழு ஆண்டு, பத்து ஆண்டு என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். ஆறு வார்த்தை சொன்னால் அந்தப் பத்து ஆண்டு அந்தக் கோடிக்குப் போகும். சொல்லாவிட்டால் இந்தக் கோடிக்கு வரும். மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அதையும் நினைக்கவேண்டும். அந்த மெஷினில் கடைந்தெடுத்தது எங்கே போய் விழுந்தது, யார் தலைமேல் விழுந்தது என்பதையும் நினைக்கவேண்டும். நினைக்கத் தொடங்குவார், ஒரு தெரு, கூரையில்லாத வீடு, சுவரில் தொங்கும் ஒரு குழந்தையின் சட்டை என்று தொலைக்காட்சியில் பார்த்த ஏதோ ஒன்று எழும், எழும்போதே அதன் நடுவில் அந்த நீல ரேகை வந்து நின்றுகொள்ளும், மனம் பாதி வழியில் திரும்பி இந்தப் பெஞ்சுக்கே வந்துவிடும். செத்தவர்களுக்காக வருத்தப்படக்கூட இவன் விடமாட்டேன் என்கிறான். சரி, அன்றைக்கு அந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஞாபகத்துக்கு வந்ததா இல்லையா? இங்கேதான் கால் சிக்குகிறது. மேசையின் இரண்டாவது இழுப்பறையில் அது இருந்தது. நான்கு மைக்ரானுக்குக் கீழே துல்லியம் உள்ள மெஷின் என்றால் டெல்லியில் அனுமதி வாங்கவேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. வரவில்லை என்று சுலோச்சனாவிடம் சொன்னார். வரவில்லை என்று வக்கீலிடமும் சொன்னார். வழக்கப்படி கேட்லாக் எண்ணை அடித்தேன், அவ்வளவுதான். இல்லை. வந்தது. டைப்ரைட்டரின் விசைமேல் விரல் நின்றது. இரண்டு என்ற எண்ணின் மேல் நின்றது. அப்போதே வந்துவிட்டது. 2.3 என்று அடித்தால் விண்ணப்பம் டெல்லிக்குப் போகும். டெல்லியிலிருந்து அதிகாரிகள் மெஷினைப் பார்க்க வருவார்கள். இந்த ஊரில், இந்தத் தகரக் கொட்டகையில், இதைக் கையால் செய்தது யார் என்று கேட்பார்கள். அவனை முன்னால் தள்ளுவார்கள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டு வந்து நிற்பான். அந்தப் பெரிய மனிதர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, நீலமான தங்கள் கையைப் பார்த்து மகிழ்ந்துபோவார்கள். இவ்வளவும் ஒரு கணத்தில், படம் ஓடுவதுபோல, துளி விடாமல் தெரிந்தது. பிறகுதான் விரல் நகர்ந்தது. நகர்ந்து ஆறுக்குப் போயிற்று. அடித்த சத்தம்கூட இப்போது கேட்கிறது. அன்று பிற்பகல் நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டார்.

கதவு திறந்தது. "ஞானப்பிரகாசம் யாருங்க?" உள்ளேயிருந்து ஒரு குரல். அவன் எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, டப்பாவை வெள்ளிங்கிரியின் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினான். "நான் வர்றதுக்குள்ள காலி பண்ணிரு. ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனா எங்க ஊட்டுக்காரி அதுக்குத் தனி விசாரணை வெப்பா." போய்விட்டான். கதவு மூடிக்கொண்டது. பெஞ்சில் அவன் இருந்த இடம் வெற்றாக இருந்தது. ஆனால் பார்வை அங்கேயே போயிற்று. உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருப்பான்? மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான். இரும்பு எப்படி மூச்சுவிடும், விடியற்காலை அது எப்படிச் சுருங்கிக் கிடக்கும் என்றெல்லாம் சொல்லுவான், அவர்கள் பேனாவை மூடிவிட்டுக் கேட்பார்கள். குற்றவாளியாக உள்ளே போய் விருந்தாளியாக வெளியே வருவான். அல்லது குற்றவாளியாகவே இருக்கட்டும். அதிலும்தான் என்ன குறைச்சல்? கோயம்புத்தூர் முழுக்க அவன் பேச்சு. "பிரகாசம் கை பட்டா மெஷின் ராக்கெட்டுக்கே போவுது பாரு" என்று டீக்கடையில் ஒருவன் சொல்லக் கேட்டார். திட்டுகிற குரலா அது? டெல்லி, வெளிநாடு, செய்தித்தாள், மந்திரி எல்லாம் அந்த ஒரு விரலைச் சுற்றி. அப்போதுதான், வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், வெள்ளிங்கிரிக்கு அது உறைத்தது. இந்தக் குற்றம் அவனுடையது அல்லவே. மெஷின் அவனுடையது, சரி. 2.3 அவனுடையது. ஆனால் அந்த மெஷின் இந்த நாட்டை விட்டுத் தாண்டியதற்குக் காரணம் 2.3 அல்ல. அதைத் தாண்டவைத்தது ஆறு. டெல்லியை ஏமாற்றியது ஆறு. இரண்டு நாளில் முத்திரை குத்தவைத்தது ஆறு. இந்த விவகாரம் முழுவதிலும் ஒரு மனிதன் யோசித்து, முடிவுசெய்து, தன் கையால் செய்த காரியம் ஒன்று உண்டென்றால் அது அந்த ஆறுதான். அது என்னுடையது. அதையும் கொண்டுபோய் அவன் பேரில் எழுதப்போகிறார்கள். எழுதுவதற்கு என் வாயையே கேட்கிறார்கள். ஆறு வார்த்தை. அவர் கொடுத்த எண்ணை. அவர் கொடுத்த! மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இன்னா சார், ஒடம்புக்கு எதனா பண்ணுதா?" என்றார் ஏகாம்பரம். இல்லை என்று கையாட்டினார்.

ஒன்றேகாலுக்கு ஞானப்பிரகாசம் வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது, சிரிக்கப் பார்த்தான், பாதிதான் வந்தது. "கையெழுத்து என்னோடதுதான், எண்ணு எனக்குத் தெரியாதுன்னேன். தெரியாதுங்கறதை நம்ப மாட்டீங்கறாங்க" என்று சொல்லி உட்கார்ந்து, திறக்காத டப்பாவைப் பார்த்தான். வெள்ளிங்கிரியை அழைத்தார்கள். உள்ளே குளிராக இருந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் அம்மையார், அதிகாரி. பக்கத்தில் கணினியின் முன் ஓர் இளம்பெண். கோப்பின்மேல் அந்தப் புகைப்படம், நீல விரல் ஆளை அளப்பதுபோல. வக்கீல் பின்னால் வந்து உட்கார்ந்து செருமினார். பெயர், வயது, பதவி எல்லாம் ஆயிற்று. அம்மையார் பரிசோதனைத் தாளை எடுத்துத் திருப்பி வைத்து, "விலகல் ஆறுன்னு இருக்கு. இந்த எண்ணை உங்களுக்குக் கொடுத்தது யாரு?" என்றார். அவர் கொடுத்த எண்ணை நான் என்று நாக்கு தொடங்கிவிட்டது. அவர் என்ற சொல் உதட்டுக்கே வந்துவிட்டது. "யாருங் கொடுக்கலீங்க" என்றார் வெள்ளிங்கிரி. "அளந்தது ரெண்டு புள்ளி மூணு. அட்டையில எழுதியிருந்துச்சு, பாத்தேன். ஆறுன்னு அடிச்சது நான்." வக்கீல் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். "ஏன்?" என்றார் அம்மையார். "அவன் பேரு டெல்லி வரைக்கும் போயிரும்னு. போகக்கூடாதுன்னு." அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு பெண்ணின் பக்கம் திரும்பி, "கேட்லாக்கைப் பார்த்து எழுதியதில் கவனக்குறைவால் நேர்ந்த பிழை, அப்படின்னு போடும்மா" என்றார். "பிழை இல்லீங்க மேடம்!" வெள்ளிங்கிரி எழுந்தே விட்டார். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவருக்கே வியப்பு. "பிழைன்னு போடாதீங்க. பட்டியல் எனக்குத் தெரியும். நாலுக்குக் கீழ போனா அனுமதி வேணும்னு தெரியும். தெரிஞ்சு, வேணும்னே, நான் அடிச்சது. அதை அழிங்க." அம்மையார் அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "அழிச்சிடும்மா. அவர் சொல்றபடியே அடி."

அச்சான தாளில் கையெழுத்துப் போட்டார், ஜெர்மன் பேனாவால். பக்கத்தில் கட்டைவிரலும் வைக்கச் சொன்னார்கள். மைப்பெட்டியில் நீல மை. தோய்த்து அழுத்தினார். ஒரு பக்கம் அப்பி, மறுபக்கம் வெறுமையாக விழுந்தது. "சரியா விழலையே. இன்னொண்ணு வைங்க" என்றாள் அந்தப் பெண். வைத்தார். அது விழுந்தது, கோடு கோடாக, முழுதாக. துடைக்க ஒரு துணியை நீட்டினாள். வாங்கவில்லை. விரலைச் சட்டையில் படாமல் சற்றே தூக்கிப் பிடித்தபடி வெளியே வந்தார். ஞானப்பிரகாசம் நிமிர்ந்து பார்த்தான். பார்வை முகத்துக்கு வரவில்லை, விரலிலேயே நின்றது. "என்னப்பா, உங் கையிலயும் நீலம்?" வெள்ளிங்கிரி உட்கார்ந்தார். "அந்த ஆறு என்னோடதுடா. நாந்தான் அடிச்சேன், வேணும்னு. எழுதிக் குடுத்துட்டேன்." முப்பத்தோராண்டில் முதல்முறையாக ஞானப்பிரகாசம் வெள்ளிங்கிரியின் கையை, தான் செய்யாத ஒன்றைச் செய்த கையை, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். எடுப்பான், இப்போது எடுப்பான் என்று வெள்ளிங்கிரி காத்திருந்தார். எடுக்கவில்லை. வெள்ளிங்கிரி டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, கல்லாகிவிட்ட உப்புமாவைப் பிட்டுப் பிட்டு, ஒன்றும் மிச்சமில்லாமல் தின்றார். நன்றாகப் பசித்தது.

ஏகாம்பரம் இத்துடன் முடிக்கிறார். கோயம்புத்தூரில் கம்பெனி அலுவலகத்தார் இருவரிடம் நான் கேட்ட வடிவில், வெள்ளிங்கிரி ஆறு வார்த்தையைச் சொல்லிவிட்டுத் தனி ரயிலில் ஊர் திரும்புகிறார். ஞானப்பிரகாசத்தின் பெயரை அதன்பின் அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. மெஷின் ஷாப்பில் மூவர் தனித்தனியே சொன்னது வேறு. அதில் முதலில் உள்ளே போன ஞானப்பிரகாசமே, "ஆறுன்னு நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். வெள்ளிங்கிரி என்ன சொல்லியும் அதிகாரி நம்பவில்லை. நண்பனைக் காப்பாற்றப் பொய் சொல்லும் பெரிய மனம் என்று அவரைப் பாராட்டி அனுப்பிவிடுகிறார். அந்த வடிவில் வெள்ளிங்கிரி வெளியே வரும்போது அவர் விரல் சுத்தமாக இருக்கிறது.